காற்றுக்கும் ஒரு கணக்குப் புத்தகம்

(குளச்சலை அடுத்த கடற்கரை ஊர் ஒன்றின் வாசகசாலை ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகசாலைத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து மூன்று இடங்களில் திருப்பலி நிறைவேற்றிய களைப்பையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, தம் சொந்த நூல்களை இரண்டு அலமாரி நிறைய இந்த மன்றத்துக்கு வழங்கிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்களே, விசைப்படகுச் சங்கத்தின் பொறுப்பாளர்களே, வள்ளத்தொழில் சங்கத்தின் பொறுப்பாளர்களே (உங்கள் இரு தரப்பையும் ஒரே மேடையில் காண்பது எனக்குத் தனி மகிழ்ச்சி), மகளிர் குழுத் தாய்மார்களே, இடமில்லாமல் வெளியே மணலில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மக்களே, அனைவருக்கும் என் வணக்கம். வரவேற்புரை ஆற்றிய தம்பி என்னை "மணலியில் இருபத்திரண்டு ஆண்டுகள் மூச்சுவிட்டவர்" என்று அறிமுகப்படுத்தினார். வடசென்னையின் ஆலைப் பகுதியான மணலியில் வாழ்ந்ததுதான் இங்கே பேசுவதற்கு எனக்குள்ள தகுதி.

காற்று, தண்ணீர், சட்டம் என்ற மூன்றையும் பற்றிப் பேசுவேன் என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அதற்கு முன், கருப்பட்டி வியாபாரம் செய்த என் பாட்டனார் நாள்தோறும் பேரேட்டைத் திறக்கும்போது சொல்லும் பழமொழியைச் சொல்லிவிடுகிறேன்: "எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?"

பெட்ரோ ரசாயன ஆலை எதுவும் இல்லாத நம் மாவட்டத்தில் அதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 என்னும் கப்பல் 640 கொள்கலன்களோடு மூழ்கியதும், சில நாள்களில் நம் கரையில் வெள்ளைக் குருணை ஒதுங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கும். எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் பிரித்தெடுக்கும் எத்திலீனைக் கொண்டு செய்யப்படும் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் ஆலையிலிருந்து வெளியே வரும் வடிவம் அந்தக் குருணைதான். ஆலை நம்மிடம் வரவில்லை. அதன் சரக்கு வந்து சேர்ந்துவிட்டது. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கோரி உயர் நீதிமன்றம் சென்றது. நம் கரையில் எத்தனை நாள் தொழில் முடங்கியது, எந்தெந்த வலையில் குருணை ஏறியது, எத்தனை பெட்டி மீன் விலை போகாமல் திரும்பியது என்று தேதியோடு எழுதி வைத்த வீடு இந்தக் கூட்டத்தில் ஒன்று இருந்தால், அவர் இந்த மேடைக்கு வந்து என் இருக்கையில் அமர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி மணலிக் கதைக்கு வருகிறேன். சுத்திகரிப்பு ஆலை வந்த பிறகு, அதன் துணைப்பொருள்களை நம்பி உரம், பிளாஸ்டிக், ரசாயனம் என்று ஆலைகள் ஒன்றையொன்று ஒட்டி வளர்ந்த இடம் அது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் எழுபதுக்கு மேல் பெற்றால் மிக மோசம் என்று பொருள், மணலி 76.32 பெற்றது, கடலூர் 77.45 பெற்றது. ஆனால் அந்தக் கணக்கு வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே எனக்குச் செய்தி சொன்னது என் மகளின் கொலுசு.

அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு என் மாமனார் நாகர்கோவிலில் ஒரு பத்தரிடம் சொல்லி வெள்ளிக் கொலுசு செய்து அனுப்பினார். மூன்று வாரத்தில் அது சட்டியின் அடிபோலக் கறுத்துவிட்டது. என் மனைவி திருநீறு போட்டுத் தேய்த்தாள், பல்பொடி போட்டுத் தேய்த்தாள். வெளுத்த கொலுசு பத்தே நாளில் மறுபடியும் கறுத்தது. பத்தர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டி, படித்தவன் எழுதக்கூடாத சொற்களை எல்லாம் எழுதி அவருக்குக் கடிதம் போட்டேன். அவர் பொறுமையாக ஓர் உள்நாட்டுக் கடிதத்தில் பதில் எழுதினார்: "அது சுத்த வெள்ளி. கலப்படம் எங்கே என்று உங்கள் ஊர்க் காற்றைக் கேளுங்கள்." கந்தகம் கலந்த வாயு, அதாவது ஹைட்ரஜன் சல்பைடு, வெள்ளியைக் கறுக்க வைக்கும் என்பதை ஆலைப் பொறியாளர் எவரும் எனக்குச் சொல்லவில்லை, ஊதுகுழலும் உமியோடுமாக வாழ்ந்த அந்தப் பெரியவர் சொன்னார். அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவர் பட்டறைக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். கொலுசைக் கறுக்க வைத்த காற்றைத்தான் குழந்தையும் சுவாசிக்கிறது என்ற எண்ணம் அன்று இரவு என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் ஆயா இருந்தார். வடசென்னையில் பாட்டியை அப்படித்தான் அழைப்பார்கள். நாற்றத்தைப் பற்றித் தெருவே திரண்டு புகார் கொடுத்த பிறகு ஓர் அதிகாரி வந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவர் கேட்டது மூன்றே கேள்விகள்: எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம்? தெரு அடங்கிப்போனது. அப்போது ஆயா உள்ளே போய், கிழித்த நாட்காட்டித் தாள்கள் அறுபதுக்கு மேல் கம்பியில் குத்தி வைத்திருந்ததைக் கொண்டுவந்தார். எழுதப் படிக்கத் தெரியாத அவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதியது: "ராத்திரி ரெண்டு மணி. முட்டை நாத்தம். மேக்குக் காத்து." அந்த அதிகாரி திண்ணையில் அமர்ந்து ஒரு மணி நேரம் அதைப் பிரதி எடுத்தார். மறுவாரம் காற்றை அளக்கும் வண்டி எங்கள் தெருவில் நான்கு இரவுகள் நின்றது. ஆலை மூடப்படவில்லை, புகையும் நின்றுவிடவில்லை. ஆனால் நள்ளிரவில் வாயுவைத் திறந்துவிடும் வழக்கம் குறைந்தது. எங்கள் கூச்சலால் வராத வண்டி அந்தத் தாள்களால் வந்தது. எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?

மூக்கை மட்டும் நம்பவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்துவிட்டால் மோப்பமே மரத்துவிடும். நாற்றம் நின்றது என்று நாம் ஆறுதல் கொள்ளும் நேரமே ஆபத்தான நேரமாக இருக்கலாம். இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பென்சீனுக்கு நம் நாட்டில் ஆண்டுச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். அந்த அளவில் அதை எந்த மூக்கும் அறியாது. ஆகவேதான் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்மக்கள், 2004இல் வாளிக்குள் பையை வைத்துத் தாங்களே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள்.

சட்டத்தில் ஒரே ஒரு செய்தியைச் சொல்கிறேன். 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, சுற்றுச்சூழல் வழக்கைக் காரணம் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள்ளும், இழப்பீட்டுக் கோரிக்கையை ஐந்து ஆண்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டும். காலம் தேதியிலிருந்து ஓடுகிறது; தேதி நம் கையில் இருக்க வேண்டாமா?

நம் கடலுக்குத் தெற்கே ஆழ்கடலில், எண்ணெயும் எரிவாயுவும் தேடுவதற்காக மூன்று வட்டாரங்கள், 27 ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், ஒதுக்கப்பட்டிருக்கின்றன. நாளை ஏதேனும் நேர்ந்தால் "முன்பு எப்படி இருந்தது?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மணவாளக்குறிச்சி மணலில் கதிர்வீச்சுள்ள கனிமமான மோனசைட் கண்டறியப்பட்டது 1909இல். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும், நோயைப் பற்றி வாதாடும்போது ஊர்வாரியான கணக்கு ஊராரின் கையில் இல்லை. அந்தத் தவறு கடலுக்கும் நேரக்கூடாது.

அதற்காகத்தான் ஊருக்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று இந்தக் கரையில் ஒவ்வொரு ஊராகச் சென்று கேட்டு வருகிறேன். பங்குத்தந்தை அவர்கள் இதை ஞாயிறுதோறும் அறிவிப்பில் நினைவூட்ட இசைந்திருக்கிறார்கள். அவர்களுக்கு என் நன்றி. நாற்பது பக்க நோட்டுகளை வாசலருகே மேசையில் வைத்திருக்கிறேன். தேதி, நேரம், காற்று, வாடை, கிணற்று நீரின் நிறம், கரையில் ஒதுங்கியவை, வீட்டில் இருமல், மூச்சுத்திணறல் என்று கட்டங்கள் போட்டிருக்கிறேன். எழுதத் தெரியாத பெரியவர்கள் சொல்ல, பிள்ளைகள் எழுதட்டும். கச்சான் காற்று தொடங்குவதற்குள் பங்கின் குடும்பக் குழுக்களான எல்லா அன்பியங்களுக்கும் நோட்டு போய்ச் சேர வேண்டும். இந்த வாசகசாலையின் நோட்டில் முதல் வரியை மாலையில் வந்ததுமே எழுதிவிட்டேன்: இன்றைய தேதி, மாலை ஐந்து மணி, மேல்காற்று, கெட்ட வாடை இல்லை, கிணற்று நீர் தெளிவு, கரையில் பழைய வெள்ளைக் குருணை ஒரு கைப்பிடி.