சிறுநீரில் இண்டிகன் கூடினால் குடலில் நோயா?

சரி, அடுத்த கேள்வி. "ரொம்ப நாளாக வயிற்று உப்புசம். குடல் பாக்டீரியா உண்டாக்கும் பொருட்களைச் சிறுநீரில் அளக்கும் டெஸ்ட் எடுத்தேன். இண்டிகன் அதிகம் என்று வந்திருக்கிறது. குடலில் நோய் இருக்கிறதா சார்?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

இந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாதுங்க.

பருப்பு, முட்டை, பால், கறி எல்லாவற்றின் புரதத்திலும் டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. பெரும்பகுதியைச் சிறுகுடல் உறிஞ்சிவிடும். மிச்சம் பெருங்குடலுக்குப் போனால் ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்கள் அதை இண்டோலாக மாற்றும். இண்டோல் ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதோடு சல்பேட்டைச் சேர்த்து இண்டாக்சில் சல்பேட் ஆக்கும். இதைத்தான் இண்டிகன் என்கிறோம். கடைசியில் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது.

ஆக, உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணில் சாப்பாடு, பாக்டீரியா, கல்லீரல், சிறுநீரகம் நாலுக்கும் பங்கு உண்டு. முந்தின நாள் கறிவிருந்து சாப்பிட்டிருந்தாலும் கூடலாம், மலச்சிக்கல் இருந்தாலும் கூடலாம். சிறுநீரகம் பழுதானவருக்கோ இது வெளியேறாமல் ரத்தத்திலேயே தேங்கும். அவருடைய சிறுநீரில் குறைவாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியுமா?

இன்னொன்று. குறைவதே ஆபத்தான இடமும் உண்டு. ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் மருத்துவர்கள், பிறருடைய ஸ்டெம் செல்களை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்கள்) ஏற்றும் மாற்று சிகிச்சை பெற்றவர்களின் சிறுநீரில் இதே இண்டாக்சில் சல்பேட்டை அளந்து 2015-இல் ஆய்வு வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்த ஆரம்ப நாட்களில் அளவு குறைந்தவர்களுக்குக் குடல் பாக்டீரியாக்களின் வகைகள் சுருங்கிப் போயிருந்தன. பிழைக்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஒரே மாதிரி நோயாளிகள், ஒரே சிகிச்சை, திரும்பத் திரும்ப அளவு. அதனால்தான் அங்கே அந்த எண்ணுக்கு அர்த்தம் வந்தது. வீட்டிலிருந்து ஒரே ஒரு தடவை டப்பாவில் அனுப்பும் சிறுநீருக்கு அந்த வசதி இல்லை.

ஹார்ட்நப் என்ற அரிய பரம்பரைக் கோளாறிலும் இண்டிகன் கூடும். சிறுகுடலில் டிரிப்டோஃபான் சரியாக உறிஞ்சப்படாமல் பாக்டீரியாவின் கைக்குப் போய்விடுவதுதான் காரணம். அதைக்கூட உறுதி செய்வது சிறுநீரில் அமினோ அமிலங்களைப் பார்த்துத்தான்.

இந்த மாதிரி டெஸ்டின் பட்டியலில் ஹிப்புரேட் என்ற பொருளும் இருக்கும். பழம், டீ, காபி நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அது கூடும். நல்லதுதானே என்பீர்கள். சோடியம் பென்சோயேட் போட்ட கூல் டிரிங்க்ஸ் குடித்தாலும் அதே ஹிப்புரேட் கூடும்! எது எதனால் என்று அந்த எண்ணைக் கேட்டால் சொல்லாது.

நீங்கள் செய்ய வேண்டியது, ரிப்போர்ட்டோடு வயிறு, குடல் மருத்துவரைப் பாருங்கள். எடை குறைவு, மலத்தில் ரத்தம், ரத்தசோகை இருந்தால் தள்ளிப் போடாதீர்கள். பால் ஒத்துக்கொள்ளவில்லையா, சிறுகுடலில் பாக்டீரியா பெருக்கமா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை இருக்கிறது, தேவைப்பட்டால் அவரே எழுதுவார். இண்டிகனை மறுபடி அளப்பதாக இருந்தால் கிரியாட்டினினோடு (தசைகளிலிருந்து வந்து சிறுநீரில் வெளியேறும் கழிவுப்பொருள்) ஒப்பிட்டுத் தருகிறார்களா என்று லேபில் கேளுங்கள். இல்லையென்றால் அன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு குடித்தீர்கள் என்பதைப் பொறுத்தே எண் ஏறி இறங்கும். அப்புறம், இந்த ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது குடல் சுத்திகரிப்பு பேக்கேஜ் விற்க வந்தால் வாங்காதீர்கள்.