அத்தைக்கு மீசை முளைத்திருந்தால்

அவைத் தலைவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி என் வேலையைப் பாதியாகக் குறைத்துவிட்ட பேராசிரியர் அவர்களே, நூலகர் அம்மையார் அவர்களே, அழைப்பிதழில் பெயர் விட்டுப்போனதற்காகச் செயலாளர் ஏற்கெனவே இரண்டு முறை வருத்தம் தெரிவித்த துணைத்தலைவர் அவர்களே (மூன்றாவதாக நானும் தெரிவித்துக்கொள்கிறேன்), முன்வரிசைப் பெரியவர்களே, கதவருகே நிற்கும் மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

'நடந்த போர்களும் நடக்காத வரலாறும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று விஷயங்கள் சொல்லலாம் என்று வந்தேன். சின்னத் தற்செயல் எப்படிப் போராகிறது, அது ஒன்று. அந்தப் போர் சம்பந்தமே இல்லாதவன் வீட்டுக்குள் எப்படி நுழைகிறது, இது இரண்டு. 'இப்படி நடந்திருந்தால்' என்று யோசிப்பதற்கு ஏதாவது வரம்பு உண்டா என்பது மூன்று.

இந்த மாதிரிக் கேள்விக்கு நம் ஆட்கள் ஒரே வரியில் பதில் வைத்திருக்கிறார்கள்: அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா! சரி, சிரித்தாயிற்று. இப்போது 1914 ஜூன் 28-க்கு வாருங்கள்.

அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரியின் ஆட்சியில் இருந்த போஸ்னியாவின் சரயேவோ நகரம். ஆஸ்திரியா-ஹங்கேரியின் பட்டத்து இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோபியும் திறந்த காரில் வருகிறார்கள். அவர்களைக் கொல்ல வழியில் ஆறு பேர் நிற்கிறார்கள். ஒருவனுக்குத் துணிச்சல் வரவில்லை, சும்மா நின்றுவிட்டான். இன்னொருவன் குண்டு வீசினான். அது பின்னால் வந்த காரின் அடியில் வெடித்தது. வீசியவன் விஷத்தை விழுங்கிவிட்டு ஆற்றில் குதித்தான். விஷம் வேலை செய்யவில்லை. ஆற்றில் முழுகும் அளவுக்குத் தண்ணீரும் இல்லை!

அதோடு விட்டதா? இளவரசர் நகர மண்டபத்துக்குப் போகிறார். மேயர் எழுதி வைத்திருந்த வரவேற்புரையை அப்படியே படிக்க ஆரம்பிக்கிறார். விருந்தாளியாக வந்தவன் மேல் குண்டு வீசுகிறீர்களே என்று இளவரசர் இடைமறித்துக் கோபப்படுகிறார். அப்புறம் மேயர் மிச்சத்தையும் படித்து முடிக்கிறார். எழுதிய வரவேற்புரையைப் பாதியில் நிறுத்த முடியாது. மேடையில் இருக்கும் நமக்கெல்லாம் அந்தக் கஷ்டம் தெரியும்.

குண்டில் காயம்பட்டவர்களை மருத்துவமனையில் போய்ப் பார்க்கவேண்டும் என்கிறார் இளவரசர். பாதையை மாற்றுகிறார்கள். மாற்றியதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. லத்தீன் பாலத்துக்கு எதிரே அவர் பழைய பாதையில் திரும்புகிறார். "இந்த வழி இல்லை" என்று சத்தம் போட்டதும் காரை நிறுத்துகிறார். நின்ற இடத்தில், சில அடி தூரத்தில், அந்த ஆறு பேரில் ஒருவனான காவ்ரீலோ பிரின்சிப். வயது 19. இரண்டே தோட்டா. கணவனும் மனைவியும் இறந்தார்கள்.

சரியாக ஒரு மாதத்தில், ஜூலை 28 அன்று, கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி அதன் மேல் ஆஸ்திரியா போர் அறிவித்தது. அது முதல் உலகப் போராக விரிந்தது. செப்டம்பர் 22 இரவில் எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது. இன்றும் ஒருவரை 'ஆள் பெரிய எம்டன்' என்கிறோமே, அந்தச் சொல் தமிழுக்கு வந்த வழி இதுதான்.

ஓட்டுநர் நேராகப் போயிருந்தால் போரே வந்திருக்காதா? வந்திருக்கலாம். வல்லரசுகள் ஏற்கெனவே கூட்டணி கட்டி ஆயுதம் குவித்து வைத்திருந்தன. ஆனால் வேறொரு நாளில் வந்திருந்தால் வேறு ஆட்கள் செத்திருப்பார்கள், வேறு ஆட்கள் பிழைத்திருப்பார்கள்.

இரண்டாவது விஷயத்துக்கு, பிரிட்டனும் பிரான்சும் பல கண்டங்களில் மோதிக்கொண்ட ஏழாண்டுப் போர் நல்ல உதாரணம். 1760-இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி ஆங்கிலேயரிடம் தோற்றார். அவர் ஜெயித்திருந்தால் நம் பேச்சில் ஆங்கிலத்துக்குப் பதிலாகப் பிரெஞ்சு கலந்திருக்குமோ என்னவோ. அந்தப் போரின் கடனை அடைக்க பிரிட்டன் அமெரிக்கக் குடியேற்றங்கள் மேல் வரி போட்டது. அவர்கள் 1776-இல் விடுதலை அறிவித்தார்கள். பிரிட்டனைப் பழிவாங்க அவர்களுக்கு உதவப்போன பிரான்ஸ் தானும் கடனில் மூழ்கியது. 1789-இல் அங்கே புரட்சி வெடித்தது மாணவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் உலகப் போரில், 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழாமல் இருந்திருந்தால் என்று வரைபடத்தை விரித்து வைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வேறு சிலரை நினைக்கிறேன். சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் ரயில்பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஏமாற்றியும் பிடித்து இழுத்தும் கொண்டுபோனார்கள். பசியிலும் காலராவிலும் செத்தார்கள். அங்கே இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்குக் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குப் பெயரே எங்கும் இல்லை.

'தாத்தா திரும்பி வந்திருந்தால்' என்று ஒரு வீட்டில் சொன்னால், அவர்களிடம் போய் அத்தை, மீசை, சித்தப்பா என்று பேச முடியுமா?

செயலாளர் சிரிக்கிறார். எந்த மேடை ஏறினாலும் நான் இங்கேதான் வந்து நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில் குழந்தையாக இருந்தவர்களுக்கு இன்று தொண்ணூறு வயது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் இன்றைக்கே கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். யார் போனார்கள், யார் வரவில்லை, அரிசி கிடைக்காதபோது என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள்.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை என்று துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தலைவர் மன்னிக்கவேண்டும். வாசல் மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். திரும்பி வராதவர் யாராவது உங்கள் குடும்பத்தில் உண்டென்றால் அவர் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். ஊரும் தேதியும் தெரியாவிட்டால் பரவாயில்லை.