டப்பா வெறுமனே திரும்பவில்லை

(குளச்சல் அருகே ஓர் ஊர் நூலக ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் மக்களே, எல்லாருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பிலிருந்து நான் திரும்பி வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. நாகர்கோவிலில் ரயில் ஏறினால் சென்னைக்கு ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டும். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கொழும்பு. அவ்வளவு பக்கத்தில் இருக்கிற சனங்களை இரண்டாம் முறை பார்க்க எனக்கு 20 வருஷம் ஆகியிருக்கிறது. அந்த வருத்தத்தோடுதான் பேசுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, சுனாமி வந்த நாள். அதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர் போனார்கள். கொட்டில்பாட்டில் முன்னால் கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய், கடலுக்குத் தப்பி ஓடியவர்களைக் கால்வாய் பிடித்துக்கொண்டது. மட்டக்களப்பில் நாவலடி என்று ஓர் ஊர். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவே ஒடுங்கிய மணல் திட்டு. அங்கேயும் ஓட இடமில்லை. இலங்கையில் 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நர்ஸாக இருந்த நான் நம் ஊர் முகாம்களில் வேலை ஓய்ந்த பிறகு, 2005-ல் ஒரு குழுவோடு அங்கே போனேன். கல்லடிப் பக்கம் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் ஐந்து மாதம் இருந்தேன்.

அங்கே ஒரு சின்னப் பிள்ளை. ஏழு வயது. ராத்திரி அலை சத்தம் கேட்டால் எழுந்து வந்து என் சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உறங்குவாள். நான் கிளம்புகிற அன்று, "திரும்பி வருவேன் மக்களே" என்று சொல்லிவிட்டு வந்தேன். நம் ஊரில் பிள்ளைகளை 'மக்களே' என்று கூப்பிடுகிற மாதிரி அவர்கள் 'மனே' என்று கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் வீட்டில் இருப்பது போலவே இருக்கும்.

இந்தமுறை வாசலில் என்னை எதிர்கொண்டது அவள்தான். அந்த இல்லத்திலேயே இப்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறாள். கூடவே ஆறு வயது மகன். மாலையில் அவனைக் கைபிடித்துக்கொண்டு, கல்லடியில் விபுலானந்த அடிகள் சமாதி வரை நடந்தோம். விவேகானந்தர் பாறையைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ராமகிருஷ்ண மிஷன் துறவியாக வாழ்ந்த அந்தத் தமிழறிஞர் உறங்கும் இடத்தில் நின்றபோது கண் நிறைந்துவிட்டது.

திரும்பும் வழியில் அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "எத்தனையோ பேர் வந்தாங்க அக்கா. தூக்கி வச்சுப் போட்டோ எடுத்தாங்க. திரும்பி வருவம் எண்டு எல்லாரும் சொன்னாங்க. நாங்க கேட்டடியில நிண்டு பாப்பம்." நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "எனக்கு அம்மா இருந்தாவே, உங்களுக்குத் தெரியும்தானே?" என்றாள்.

தெரியும். அப்பாவும் அண்ணனும் அலையில் போனார்கள். அம்மா இருந்தாள். சோறு போட வழியில்லாமல் பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்கு வளைகுடா நாட்டுக்குப் போனாள். நான் ஊருக்கு வந்து சர்ச் சர்ச்சாக ஏறி இறங்கி, அந்த இல்லத்துக்கு மாடி கட்டப் பணம் திரட்டி அனுப்பினேன். "அந்தக் காசில கொஞ்சத்த அம்மாவுக்கு ஆராவது குடுத்திருந்தா, நான் அம்மாவோடயே இருந்திருப்பன்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் கதை ஒருத்தியின் கதை இல்லை. உலகம் முழுக்க இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் நாலு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009-ல் சொன்னது. வறுமைக்காக மட்டும் ஒரு பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்று அதே ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. யாருமே இல்லாத பிள்ளைகளுக்கு இல்லம் வேண்டும். அதை நடத்துகிறவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் தாய் இருக்கிற பிள்ளைக்கு நாம் முதலில் கட்டித்தர வேண்டியது மாடி இல்லை. அந்தத் தாயின் அடுப்பு எரிய வேண்டும்.

அந்த இல்லத்திலேயே இப்போது மாறியிருக்கிறார்கள். நான் இருந்த காலத்தில் கட்டில் போதாமல் பாயில் படுத்தார்கள். இப்போது மாடியில் பாதி அறை காலி. அரிசி, பள்ளிச் செலவு எல்லாம் கொடுத்துப் பிள்ளைகளை அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் அனுப்பி வைக்கிறார்கள். நான் பணம் திரட்டிக் கட்டிய அந்த மாடி காலியாகக் கிடந்ததைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்!

நம் ஊரிலும் கடலுக்குப் போய் வராதவர்களின் வீடுகள் உண்டு. அப்பா இல்லாத பிள்ளையைத் தாய் வளர்க்க, மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். இது தெரியாமல் பிள்ளையை விடுதியில் சேர்க்கப் பெட்டி கட்டுகிற தாய் உங்கள் தெருவில் இருந்தால், இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். மனு எழுதத் தெரியாதா, என்னிடம் வாருங்கள்.

இன்னொரு விஷயம். போகும்போது ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டுபோனேன். சிறுபயறை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிச் சுட்டது. பிள்ளைகள் கடித்துப் பார்த்துவிட்டு, "இது எங்கட பயித்தம்பணியாரம்!" என்று ஒரே சத்தம். கிளம்புகிற காலையில் அவள் அந்த டப்பாவைக் கழுவித் துடைத்து, அவர்கள் சுட்டதை நிறைத்துத் தந்தாள். இந்தமுறை நான் வருவேன் என்று சொல்லவில்லை; அடுத்த தைக்கு எடுத்த டிக்கெட்டைக் காட்டினேன்.

டப்பா அதோ, நூலகர் மேசையில் இருக்கிறது. மக்களே, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.