செம்பியன் மாதேவி: உறவா, பணியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். சோழ அரசி செம்பியன் மாதேவியாருக்குப் பெருமை தந்தது அரச உறவா, அவர் செய்த கோயில் பணியா? பணியே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரே ஒரு கல்வெட்டு வரியைப் படித்துக் கைதட்டல் வாங்கிவிட்டார். 'மழவரையர் மகளார், கண்டராதித்த தேவர் தேவியார், உத்தம சோழரைத் திருவயிறு வாய்த்த உடைய பிராட்டியார்.' மகள், மனைவி, தாய்! இதில் அந்த அம்மையார் எங்கே என்று கேட்டார். ஐயா, அந்த வரி எந்தச் சுவரில் இருக்கிறது? அவர் எடுப்பித்த கற்றளியின், அதாவது கற்கோயிலின், சுவரில்தானே!

சரி, உறவு என்ன கொடுத்தது? கண்டராதித்தர் ஆண்டது ஏறத்தாழ 7 ஆண்டு. அவருக்குப் பின் அரியணை மகனுக்கு வரவில்லை. கொழுந்தன் அரிஞ்சயர், அவர் மகன் சுந்தர சோழர் என்று பக்கத்துக் கிளைக்குப் போய்விட்டது. உத்தம சோழர் பட்டம் ஏற 970 வாக்கில் ஆயிற்று. அதுவரை இவர் அரண்மனையில் ஒரு கைம்பெண், அவ்வளவுதான்.

கோனேரிராசபுரத்துக்கு வாருங்கள், பழைய திருநல்லம். கணவர் பெயரால் எடுத்த கற்றளியில் ஒரு சிறு சிற்பம்: கண்டராதித்தர் லிங்கத்தை வழிபடுகிறார். 'திருநல்லமுடையாரைத் திருவடி தொழுகின்றாராக' அவரை எழுந்தருளுவித்தது யார் என்று கல்வெட்டே சொல்கிறது. சிவன் மேல் திருவிசைப்பா பாடிய மன்னர்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் உருவம் நமக்குக் கிடைத்தது மனைவி தந்த கொடை. இப்போது சொல்லுங்கள், யாரால் யாருக்குப் பெருமை?

அவர் கல்லால் எடுப்பித்த திருக்கோடிக்காவல் கோயில் இன்னும் நுட்பம். பழைய கோயிலைப் பிரித்துக் கல்லால் எடுக்கும்போது பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடு விடுவது அக்கால வழக்கம். ஆடு பெற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையக் கூடாது. அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்றார்கள். இதற்கெல்லாம் பத்திரம் அந்தச் சுவர்க்கல். கல் போனால் நெய்யும் போச்சு, கேட்க நாதியில்லை! அங்கே என்ன செய்தார்கள்? சிதறிக் கிடந்த பழைய கற்களில் இருந்ததைப் படியெடுத்து, 'பழங்கற்படி' என்று குறித்துப் புதுச் சுவரில் வெட்டினார்கள். (திருப்பணி என்ற பெயரில் கல்வெட்டின் மேல் மணல் பீய்ச்சுகிறவர்கள் காதிலும் இது விழட்டும்.) இந்தக் கவனம் சீதனமாக வருமா?

உத்தம சோழரின் தேவியர் மாமியாரின் பிறந்த நாளான சித்திரைக் கேட்டைக்கு நிவந்தம், அதாவது கோயில் அறக்கொடை, வைத்தார்கள். உறவுக்காக என்பீர்கள். அவையில் மருமகள்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உறவுக்காக மட்டும் செய்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்!

'மகன் ஆட்சியில்தானே அதிகம் கட்டினார், காசு அவன் காசு' என்று அடுத்து வருகிறவர் சொல்வார். பாதி உண்மை. கட்டுமானத்தில் பெரும்பகுதி அப்போது நடந்ததுதான். ஆனால் 985இல் மகன் காலம் முடிந்து, சுந்தர சோழர் மகன் ராஜராஜன் வந்தான். உறவுதான் பலம் என்றால் அன்றோடு உளி ஓய்ந்திருக்க வேண்டும். திருவக்கரையில் இவர் எடுப்பித்த கற்றளிக்கு ஆண்டு 1001. மகன் ஆட்சி முடிந்து 16 ஆண்டு கழித்து! எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டும். அமர்கிறேன்.