ஞானத்தந்தையின் பெயரை அச்சிடுவதற்கு முன்

அன்பு நேயர்களுக்கு வணக்கம். என் கையில் நீங்கள் பார்ப்பது என் அண்ணன் மகளின் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) அழைப்பிதழ். சற்று அருகில் காட்டுகிறேன். 'ஞானத்தந்தை', அதாவது திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்பவர், என்ற வரியின்மேல் ஒரு வெள்ளைத் துண்டுத்தாள் ஒட்டியிருப்பது தெரிகிறதல்லவா? இருநூறு அழைப்பிதழ்களிலும் அதை நானும் அம்மாவும் ஓர் இரவு முழுவதும் உட்கார்ந்து ஒட்டினோம்.

நாங்கள் கத்தோலிக்கர்; அண்ணனின் உயிர் நண்பரோ புராட்டஸ்டண்ட் சபையான தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவர். அவரையே ஞானத்தந்தையாக நிறுத்துவது என்று முடிவுசெய்து, எங்கள் ஆலயத்தின் குருவான பங்குத்தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே அச்சகத்துக்குப் போய்விட்டோம். பெயர் கொடுக்கப் பங்கு அலுவலகத்துக்குச் சென்றபோதுதான் விவரம் தெரிந்தது. 1983-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின்படி, ஞானப்பெற்றோராக நிற்பவர் பொதுவாக 16 வயது நிறைந்த கத்தோலிக்கராகவும், உறுதிபூசுதல், நற்கருணை என்னும் அருளடையாளங்களைப் பெற்றவராகவும் இருக்க வேண்டும். குழந்தையைப் பெற்றவர்கள் அந்த இடத்தில் நிற்க முடியாது. பிற சபையில் திருமுழுக்குப் பெற்றவர், ஒரு கத்தோலிக்க ஞானப்பெற்றோருடன் சேர்ந்து சாட்சியாக மட்டும் நிற்கலாம். ஆகவே எங்கள் சித்தப்பா ஞானத்தந்தையானார், நண்பர் சாட்சியானார். ஞானத்தந்தை, ஞானத்தாய் என இருவரும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை, ஒருவரே போதும் என்பதையும் அன்றுதான் அறிந்தோம்.

நாளைக் குறிப்பதிலும் இதே எச்சரிக்கை தேவை. ஞாயிற்றுக்கிழமையோ, ஈஸ்டருக்கு முந்திய இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்போ சிறந்த நாள் என்று சட்டமே பரிந்துரைக்கிறது. ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலமான தவக்காலத்தில் பிரியாணி விருந்தை வைத்துக்கொண்டு பங்குத்தந்தையிடம் தேதி கேட்பது, என் கருத்தில், அவரைச் சங்கடப்படுத்துவதாகும்.

இனி அழைப்பிதழின் வாசகம். கத்தோலிக்கர் வீட்டில் இப்போது 'திருமுழுக்கு' என்கிறோம்; பாட்டிக்கு அது இன்றும் 'ஞானஸ்நானம்'தான், நண்பரின் சபையிலும் அப்படியே. மாற்கு நற்செய்தி 10-ஆம் அதிகாரத்திலிருந்து "சிறு பிள்ளைகளை என்னிடம் வரவிடுங்கள்" என்னும் வசனத்தை மேலே அச்சிட்டோம். தேதி, நேரம், ஆலயம், விருந்து நடக்கும் இடம் ஆகியவற்றுக்குமேல் எதையும் எழுதவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஊரே பார்த்தாலும், ஞானப்பெற்றோரை மட்டும் பழத்தட்டுடன் வீட்டுக்குச் சென்று அழைத்தோம், நண்பரையும் அதே தட்டுடன் அழைத்தோம். துண்டுத்தாள் ஒட்டிய அழைப்பிதழை அவர் கையில் கொடுக்கும்போது அண்ணனுக்குத் தலை நிமிரவில்லை, அவரோ சிரித்துவிட்டு, "சாட்சிக்கும் சாப்பாடு உண்டல்லவா?" என்று கேட்டார்.

பெயரைப் பற்றி வீட்டில் நீண்ட விவாதம் நடந்தது. நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள், 1530-களில் இந்தக் கடற்கரையில் திருமுழுக்குப் பெற்றவர்களின் வழிவந்தோர் இன்றும் பர்னாந்து, மச்சாது என்ற போர்ச்சுகீசியப் பெயர்களைச் சுமக்கிறார்கள். அதற்கு மாறாக, 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்ற நீலகண்ட பிள்ளைக்கு, லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று பெயரிட்டார்கள். 2022-இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார். சின்னப்பர் (பவுல்), முடியப்பர் (ஸ்தேவான்) போன்ற பெயர்களும் அப்படித் தமிழில் விளைந்தவையே. எனக்கு இந்த இரண்டாம் வழிதான் பிடிக்கும், ஆனால் அத்தையாகிய என் வாக்குக்கு அங்கே மதிப்பில்லை.

சடங்கில் முதற்கேள்வியே "இக்குழந்தைக்கு என்ன பெயர்?" என்பதுதான். மும்முறை தண்ணீர் ஊற்றியபோது அழாத குழந்தை, உச்சந்தலையில் கிறிஸ்மா எண்ணெய் பூசியபோது வீறிட்டது. பிறகு வெள்ளாடை அணிவித்து, பாஸ்கா திரியிலிருந்து ஏற்றிய மெழுகுதிரியைச் சித்தப்பாவிடம் கொடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அழைப்பிதழில் இருந்த எழுத்துக்கூட்டலும் பிறப்புச் சான்றிதழில் இருந்ததும் ஒன்றல்ல என்பதைப் ஆலயத்தின் திருமுழுக்குப் பதிவேட்டில் கையெழுத்திடும்போது, ஆலயப் பணியாளரான உபதேசியார்தான் கண்டுபிடித்தார். பின்னாளில் உறுதிபூசுதலும் திருமணமும் இதே பதிவில்தான் குறிக்கப்படும் என்பதால், அண்ணன் பிறப்புச் சான்றிதழை எடுத்துவர வீட்டுக்கு ஓடினார். அவர் திரும்பும்வரை பிரியாணி காத்திருந்தது.