பொம்மை காருக்கு என்ன அவசரம்?

நண்பர்களே, இந்தப் பொம்மை காரை மேசை விளிம்பிலிருந்து உருட்டி விடுகிறேன். பார்த்தீர்களா, டக்கென்று விழுந்துவிட்டது. நிஜக் கார் பள்ளத்தில் விழும்போது இவ்வளவு அவசரப்படாது. காரைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டோம். புவியீர்ப்பைச் சுருக்க முடியவில்லை. நிஜக் காரின் தாவலைப் பொம்மையில் ஒத்திகை பார்ப்பதில் அதுதான் சிக்கல்.

உயரம் பதினாறில் ஒன்றானால், விழும் நேரம் அதன் வர்க்கமூலம், அதாவது நான்கில் ஒன்று. வேகமும் அப்படியே. இந்த விகிதத்தைக் கப்பல் மாதிரிகளுக்குப் பயன்படுத்தியவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலப் பொறியாளர். 1879இல் அவர் இறந்தபோது பெட்ரோல் கார் பிறக்கவே இல்லை.

1974இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகத் தாய்லாந்தில் ஒரு கார் நீரோடையைத் தாண்டியது. காற்றிலேயே ஒரு முறை உருண்டு, அக்கரையில் சக்கரம் ஊன்றி இறங்கியது. ஒரே டேக்! அமெரிக்காவில் முன்பே கணினியில் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். சரி, நமக்குக் கணினி கிடையாது, இந்தப் பொம்மைதான் என்று வைத்துக்கொள்வோம்.

ஓட்டுநரோடு அந்தக் காரின் எடை சுமார் 1460 கிலோ, வேகம் மணிக்குச் சுமார் 64 கி.மீ. பொம்மைக்கு 16 கி.மீ. போதும். எடைதான் வம்பு. நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் 4096இல் ஒரு பங்கு, சுமார் 356 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசு 210 கிராம்தான் காட்டியது. மீதிக்குத் தூண்டில் ஈயக் குண்டுகளை பானெட்டுக்குள் திணித்தேன். அங்கேதான் இடம் இருந்தது. முன் சக்கரம் சரிவுப் பலகையை விட்டது, பின் சக்கரம் இன்னும் பலகை மேல். அந்த இடைவெளியிலேயே மூக்கு தொங்கி, குப்புற விழுந்தது. முன்பக்கம் கனத்தால் நிஜக் காருக்கும் இதே கதிதான். ஸ்டண்ட் கார்களின் டிக்கியில் மணல் மூட்டை ஏற்றுவது அதற்காகத்தான். அப்புறம், உருளலைக் கொடுப்பது முறுக்கிய பலகை. காற்றில் ஏறியபின் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு பயனும் இல்லை.

படம் பிடிப்பவர்கள் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 96 எடுத்து, திரையில் வழக்கமான வேகத்தில் ஓட்டினால் பொம்மைக்கு நிஜக் காரின் கனம் வந்துவிடும்.

ஆனால் கார் நொறுங்குமா என்று மட்டும் இதைக் கேட்காதீர்கள். எடையைப் போலவே மோதும் விசையும் 4096இல் ஒன்றாகிறது. அதைத் தாங்கும் தகட்டின் பரப்போ 256இல் ஒன்றோடு நின்றுவிடுகிறது. ஆக, ஒரே தகட்டில் செய்தாலும் பொம்மை பதினாறு மடங்கு கெட்டி. நேற்று முப்பது தடவையாவது குப்புற விழுந்திருக்கும். கையில் வாங்கிப் பாருங்கள், சைடு மிரர்கூட உடையவில்லை.