ஊரை வளர்த்தது எஞ்சின் அல்ல, படகுக்கூடே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். அமெரிக்காவின் ஒஹாயோ ஆற்றங்கரையில், இண்டியானா மாநிலத்து ஜெஃபர்சன்வில் படகு கட்டும் ஊராகப் பெயர் பெற்றது நீராவி எஞ்சினாலா, தச்சர்களாலா என்பது இன்றைய வழக்கு. நாங்கள் தச்சர் பக்கம்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "கூடு, அதாவது படகின் மர உடல், சில ஆண்டுகளில் உழுத்துவிடும். எஞ்சினைக் கழற்றி அடுத்த படகில் பூட்டுவார்கள். அப்படியென்றால் உயிர் எது?" ஐயா, பழைய எஞ்சினே போதுமென்றால் புதிதாகச் செய்ய வேண்டியது எது? கூடுதானே! ஆற்றடியில் புதைந்து கிடக்கும் மரங்கள் பலகையைக் கிழிக்கும், மணல்திட்டு அடியைத் தேய்க்கும். ஐந்தாறு ஆண்டு தாங்கினாலே பெரிது. அந்த ஓயாத தேவைதான் பட்டறைக்குச் சோறு போட்டது. 1834-இல் ஜேம்ஸ் ஹோவர்ட் இங்கே 'ஹைபீரியன்' படகைக் கட்டினார். அந்தக் குடும்பம் மூன்று தலைமுறை இந்தத் தொழிலில் நின்றது.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது என்பதைச் சொல்லாமல் விடமாட்டேன். கோடையில் நீர் வற்றும் ஆறு இது. அதனால் கூடு நீளமாக, ஆழமில்லாமல், தட்டையாக இருந்தாக வேண்டும். முன்பக்கம் பாய்லர், பின்பக்கம் துடுப்புச்சக்கரம். பாரமெல்லாம் இரு முனைகளில். நடுப்பகுதியை நீர் மேலே தள்ளும், முனைகள் தொங்கும், பலகை இணைப்புகள் வாய்பிளக்கும். தச்சர்கள் கண்ட மருந்து 'ஹாக் செயின்'. பெயர்தான் சங்கிலி, உண்மையில் இரும்புக் கம்பி. கூட்டின் ஒரு முனையில் பிணைத்து, சாய்ந்த கம்பங்களின் தலைமேல் ஏற்றி, மறுமுனையில் பிணைத்து, டர்ன்பக்கிள் என்ற இறுக்குத் திருகைத் திருகி இறுக்குவார்கள். தளர விட்டால் முனை தொங்கும். அளவுமீறி இறுக்கினால் முனைகள் மேலேறி அடிப்பலகை நெரியும். சரக்கின் பாரம் மாறினால் இறுக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

வங்கும் (கூட்டின் விலா எலும்பு போன்ற சட்டம்) அடிப்பலகையும் ஓக் மரம். வளைய வேண்டிய பலகையை ஒரு அங்குலத் தடிமனுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் வங்கில் பொருத்த வேண்டும். தாமதித்தால் விறைத்துப் பிளக்கும். கலப்பத்துக்கு, அதாவது பலகை இடுக்குகளை நீர் புகாமல் அடைக்க, தார் தோய்த்த நாரை உளியால் இடுக்கில் அடிப்பார்கள். நார் குறைந்தால் கசியும்; திணித்து அடித்தாலோ, நனைந்து உப்பும் மரம் பலகையையே வங்கிலிருந்து பெயர்த்துவிடும். இந்தப் பதம் எந்த எஞ்சின் வரைபடத்தில் இருக்கிறது?

கூடு முடிந்ததும் கரைக்கு இணையாக நிற்கும் படகை, கொழுப்பு தடவிய சரிவுக்கட்டைகள் மேல் பக்கவாட்டில் வழுக்கவிட்டார்கள். ஒரு முனை முந்தினால் கூடு முறுக்கிக்கொள்ளும். தாங்குகட்டைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் விடுவிக்க வேண்டும்.

நடுவர் அவர்களே, நீராவி ஒழிந்து டீசல் வந்தது. மரம் போய் எஃகு வந்தது. அதற்குப் பிறகும் அதே கரையில் 2018 வரை பார்ஜு எனும் தட்டையான சரக்குப் படகுகளைக் கட்டி, அதேபோல் பக்கவாட்டில்தான் ஆற்றில் இறக்கினார்கள். எஞ்சின்தான் ஊரை வளர்த்தது என்றால், அது போன அன்றே பட்டறை பூட்டியிருக்க வேண்டாமா?